மழைக்காலத் துணி: கனத்தைப் பார்க்காதீர்கள், காய்வதைப் பாருங்கள்



மழை வரப்போகிறது என்றால் நாம் எல்லாரும் முன்கூட்டியே விறகு அடுக்கி வைக்கிறோம். கூரையில் ஒழுகும் இடத்தைப் பார்த்து அடைக்கிறோம். பிள்ளைகளுக்குக் குடை வாங்குகிறோம். ஆனால் அந்த மழையில் நாள் முழுக்க நின்று வேலை செய்யப்போகிற நம் உடம்புக்கு என்ன துணி என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறோம். வீட்டுக்காரரின் பழைய சட்டை, போன வருஷத்து ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். அவ்வளவுதான்.

நம் நீலகிரியில் மழை ஒரு மாதத்தோடு முடிவதில்லை. கூடலூர், தேவாலா, சேரம்பாடி பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. அது முடிந்தால் ஊட்டிப் பக்கம் உறைபனி. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நமக்கு மறக்காது. கொழுந்து பறிக்கும் பெண்களும், விடியும் முன்பே கேரட் தோட்டத்துக்குப் போகும் பெண்களும் வருஷத்தில் பாதி நாள் ஈரத்தில்தான் நிற்கிறார்கள்.

"எவ்வளவு கனமான ஸ்வெட்டர் போட்டாலும் குளிருதுங்க" என்று கூட்டங்களில் பல அக்காமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கனத்தில் குறை இல்லை. நனைந்த துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு இருப்பதுதான் காரணம். மழைக்காலத் துணிக்கு முதல் தகுதி கனம் அல்ல, சீக்கிரம் காய்வது. இதை மனதில் வைத்துக்கொண்டால், கையில் இருக்கும் கொஞ்சக் காசை எதில் போடுவது என்பது தெளிவாகிவிடும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

குளிர் எப்படிப் பிடிக்கிறது?

மழை நாளில் கோழியைப் பார்த்திருப்பீர்கள். இறகைச் சிலுப்பிக்கொண்டு பந்து போல உட்கார்ந்திருக்கும். ஏன்? இறகுக்கு நடுவே காற்றை நிறுத்தி வைக்கிறது. நிற்கிற காற்று சூட்டை வெளியே விடாது. நம் ஸ்வெட்டர் செய்வதும் இதே வேலைதான். ஸ்வெட்டரில் சூடு எதுவும் கிடையாது. சூடு நம் உடம்பில் இருக்கிறது. நூலுக்கு நடுவே இருக்கும் காற்று அந்தச் சூட்டைக் காக்கிறது.

அதே கோழி முழுவதும் நனைந்துவிட்டால் இறகு ஒட்டிப்போகும். வெடவெட என்று நடுங்கும். துணியும் அப்படித்தான். நனைந்த துணியில் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தண்ணீர், காற்றைப் போல சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதோடு காற்றும் அடித்தால், ஈரம் ஆவியாகும்போது இன்னும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மண் பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஈரத்துணியோடு காற்றில் நிற்கும்போது நம் உடம்பும் ஒரு மண் பானைதான்.

உடம்பு நனைய மழைதான் வேண்டும் என்பதில்லை. மேடு ஏறும்போதும், மூட்டை தூக்கும்போதும் வியர்க்கிறது. பிளாஸ்டிக் தாளுக்குள் அந்த வியர்வை வெளியே போக வழியில்லாமல் துணியிலேயே நின்றுவிடுகிறது. வேலை செய்யும்வரை தெரியாது. எடை போட வரிசையில் நிற்கும்போதுதான் முதுகு சில்லென்று இருக்கும்.

எந்தத் துணி என்ன செய்யும்?

பருத்தி: வெயில் காலத்துக்கு இதைப் போல வேறில்லை. ஆனால் மழையில் பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் விடாது. பருத்திச் சேலை, காட்டன் பனியன், காட்டன் பாவாடை, பிள்ளைகளின் ஜீன்ஸ் எல்லாமே இந்த வகை. துவட்டுகிற துண்டைப் பருத்தியில் எதற்கு வாங்குகிறோம்? தண்ணீரை உறிஞ்சுவதற்குத்தானே! அதே துணியை மழையில் உடம்போடு ஒட்டிப் போட்டால் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்ட மாதிரிதான்.

ஆட்டுக் கம்பளி: இதன் நூல் சுருள் சுருளாக இருக்கும். நனைந்தாலும் முழுக்க ஒட்டிப்போகாது, கொஞ்சம் காற்று உள்ளே நிற்கும். அதனால் ஈரமானாலும் ஓரளவு கதகதப்பு கொடுக்கும். நம் பாட்டிமார் கம்பளியைத் தலையில் கொங்காணி போல மாட்டிக்கொண்டு மழையில் நடந்தது சும்மா இல்லை. ஆனால் நனைந்தால் கனக்கும், காய நேரமாகும், சிலருக்கு உடம்பில் பட்டால் அரிக்கும். சுடுதண்ணீரில் துவைத்தால் சுருங்கிவிடும்.

அக்ரிலிக்: கடைகளில் 'உல்லன்' என்று சொல்லி விற்கும் ஸ்வெட்டர்களில் நிறைய இதுதான். பார்க்கக் கம்பளி மாதிரி இருக்கும், விலை குறைவு. தண்ணீரை அதிகம் குடிக்காது. ஆனால் தளர்வாகப் பின்னியிருப்பதால் காற்று உள்ளே புகும். மேலே ஒரு மழைக்கோட்டு இருந்தால் நன்றாகவே வேலை செய்யும்.

பாலியெஸ்டர், ஃபிளீஸ்: குடிதண்ணீர் பாட்டிலும் பாலியெஸ்டர் நூலும் ஒரே வகைப் பொருள். பாட்டில் தண்ணீரைக் குடிக்குமா? அதனால்தான் இந்தத் துணி சீக்கிரம் காய்கிறது. பிழிந்து உதறினால் பாதி ஈரம் போய்விடும். பாலியெஸ்டர் நூலைப் பஞ்சு போல மேலே எழுப்பிச் செய்த துணியைத்தான் ஃபிளீஸ் என்கிறார்கள். தொட்டால் மெத்தென்று இருக்கும், எடை கம்மி, நிறையக் காற்றைப் பிடித்து வைக்கும். ஈரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு விலைக்கேற்ற நல்ல துணி இது. குறையும் உண்டு. காற்றுக்குத் தாங்காது, வியர்வை வாடை பிடிக்கும், நெருப்புப் பட்டால் உருகும். நெருப்பைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

டெரிகாட்டன்: பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்தது. முழுப் பருத்தியை விடச் சீக்கிரம் காயும். புதிதாக வாங்க வசதி இல்லை என்றால், சேலைக்கு மேல் போடும் முழுக்கைச் சட்டையாவது டெரிகாட்டனாக இருக்கட்டும்.

ஒரு கணக்கு சொன்னால் எளிதாகப் புரியும். மழையே வேண்டாம், காற்றில் உள்ள ஈரத்தை மட்டும் 100 கிராம் நூல் எவ்வளவு இழுத்துக்கொள்ளும்? பருத்தி சுமார் 8 கிராம். ஆட்டுக் கம்பளி சுமார் 16 கிராம். பாலியெஸ்டர் அரை கிராமுக்கும் குறைவு. கம்பளி அதிகமாக இழுத்தாலும் அந்த ஈரத்தை நூலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், தோலில் ஈரமாகத் தெரியாது. மூடுபனி நாளில் கொடியில் போட்ட பருத்திச் சேலை சாயங்காலமும் சொதசொத என்று இருப்பது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

கடையில் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் கழுத்துப் பட்டியிலோ உள் தையலிலோ இருக்கும் லேபிளைப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையை அழைத்துப் போங்கள். "இது எந்த நூல்?" என்று கடைக்காரரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். காசு கொடுப்பது நாம்தானே!

லேபிள் இல்லாத துணி என்றால் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். உள் தையலிலிருந்து ஒரே ஒரு நூலை எடுத்து, இடுக்கியில் பிடித்து, வாசலில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாடை வந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. முடி கருகும் வாடை வந்து, கரி கையில் பொடிந்தால் ஆட்டுக் கம்பளி. உருகிக் கெட்டியான மணி போல உறைந்தால் அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர். உருகிய நூலைச் சூட்டோடு தொடாதீர்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஃபிளீஸ் வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். வெளிச்சம் நிறையத் தெரிந்தால் மெலிசு. பஞ்சு அங்கங்கே உருண்டு திரண்டிருந்தால் பழைய சரக்கு. கையை மேலே தூக்கிப் பாருங்கள், இடுப்பு தெரியக்கூடாது. கொழுந்து பறிக்க நாள் முழுக்கக் கை நீட்டுகிறோம், முதுகில் பாரம் ஏற்றுகிறோம். தோளில் இறுக்கும் சட்டை எவ்வளவு நல்ல துணியானாலும் வேலைக்கு ஆகாது.

மூன்று அடுக்கு

ஒரே கனத்த ஸ்வெட்டரை விட, மெலிசாக மூன்று அடுக்கு மேல். அடுக்குக்கு அடுக்கு நடுவே காற்று நிற்கும். வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம், குளிர்ந்தால் போட்டுக்கொள்ளலாம்.

1. உடம்போடு ஒட்டுவது: பாலியெஸ்டர் பனியன் அல்லது முழுக்கை டி-சர்ட். பிள்ளைகள் விளையாட்டுக்குப் போடும் பளபளப்பான டி-சர்ட் பெரும்பாலும் இந்தத் துணிதான். இது வியர்வையைத் தோலிலிருந்து வெளிப்பக்கம் இழுத்துவிடும்.

2. நடுவில்: ஃபிளீஸ், கம்பளி அல்லது அக்ரிலிக் ஸ்வெட்டர். கதகதப்பு இதில்தான்.

3. மேலே: மழையையும் காற்றையும் தடுக்கும் உறை. மழைக்கோட்டு அல்லது பிளாஸ்டிக் படுதா.

"சேலை கட்டுறவங்களுக்கு இதெல்லாம் எப்படிங்க?" என்று கேட்பீர்கள். சேலையை விட வேண்டியதில்லை. சேலை மட்டும் சின்தடிக்காக இருக்கட்டும். ஜாக்கெட்டுக்கு மேல் மெலிசான பாலியெஸ்டர் முழுக்கை, அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் படுதா. காலுக்குப் பாவாடைக்கு உள்ளே பாலியெஸ்டர் லெக்கிங்ஸ் அல்லது டிராக் பேன்ட் போடலாம். நனைந்த செடிக்குள் நடக்கும்போது முதலில் நனைவது இடுப்புக்குக் கீழேதான். பருத்திப் பாவாடை ஒன்றை மாற்றினாலே பாதிக் குளிர் குறைந்துவிடும்.

இன்னொரு விஷயம். வேலை ஆரம்பிக்கும்போது கொஞ்சம் குளிரட்டும். வீட்டிலிருந்து எல்லாவற்றையும் போட்டு மூடிக்கொண்டு மேடு ஏறினால், வேலை தொடங்கும் முன்பே உள்ளே நனைந்துவிடுவோம். ஏறும்போது ஸ்வெட்டரைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைவேலை நின்று சும்மா நிற்கும் நேரத்தில் உடனே போட்டுக்கொள்ளுங்கள்.

மேல் உறை: படுதாவா, மழைக்கோட்டா?

இரண்டுக்கும் பயன் உண்டு. இடுப்பைச் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் படுதா செடியின் ஈரத்தைத் தடுக்கும், விலை மலிவு, கிழிந்தால் மாற்றலாம். ஆனால் உடம்பு முழுக்கச் சுற்றினால் உள்ளே வியர்த்துக் கொட்டும். மேல் உடம்புக்கு மழைக்கோட்டு நல்லது. அதை வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

- தையலின் உள்பக்கம் பட்டை ஒட்டியிருக்கிறதா? மழைக்கோட்டு முதலில் ஒழுகுவது தையல் ஓட்டை வழியாகத்தான்.
- அக்குளிலோ முதுகிலோ காற்றுப் போக வழி இருக்கிறதா?
- ஸ்வெட்டருக்கு மேல் போடும் அளவுக்குத் தாராளமாக இருக்கிறதா?
- கை மணிக்கட்டில் இறுக்க எலாஸ்டிக் இருக்கிறதா? கையைத் தூக்கும்போது தண்ணீர் முழங்கை வரை இறங்குவதை இது தடுக்கும்.
- நிறம் மூடுபனியில் தெரியுமா? சாலையோரம் நடக்கிறவர்களுக்கு மஞ்சள், ஆரஞ்சு நல்லது.

மழைக்கோட்டின் தொப்பியில் ஒரு கவனம் தேவை. அது காதை மூடும், பக்கத்தில் இருப்பதையும் மறைக்கும். மழைச் சத்தம் வேறு. யானை, காட்டெருமை நடமாடும் பாதையில் வளைவுக்கு முன் நின்று, தொப்பியைத் தள்ளி, இரண்டு பக்கமும் பார்த்துக் கேட்டுவிட்டுப் போங்கள். கொஞ்சம் தலை நனைந்தாலும் பரவாயில்லை.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்க, குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை நிர்வாகம் தர வேண்டும் என்று விதி செய்ய, 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-ஆவது பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. அந்தச் சட்டம் 2020-இல் இயற்றப்பட்ட புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் தோட்டத்தில் உங்களுக்கு என்ன சேர வேண்டும் என்று தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் கேளுங்கள். நமக்குச் சேர வேண்டியதைக் கேட்பது தயவு கேட்பது ஆகாது.

தலை, கை, கால்

தலைக்குப் பருத்தித் துண்டு கட்டுவதை மழை நாளில் மட்டும் மாற்றுங்கள். மெலிசான கம்பளித் தொப்பியோ ஃபிளீஸ் துணியோ போதும். கைக்கு ரப்பர் கையுறை போடுகிறவர்கள் அடிக்கடி கழற்றி உள் ஈரத்தைக் கொட்டிவிட வேண்டும்.

காலுக்குப் பருத்தி சாக்ஸ் வேண்டாம். கம்பளி அல்லது நைலான் கலந்த சாக்ஸ் இரண்டு ஜோடி வையுங்கள். ஒன்று காலில், ஒன்று பிளாஸ்டிக் பையில். சாப்பாட்டு நேரத்தில் காலைத் துடைத்து, காய்ந்ததை மாற்றுங்கள். விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு மருந்தை விட இதுதான் முதல் வைத்தியம். அட்டை அதிகம் உள்ள இடத்தில் நெருக்கமாக நெய்த நீள சாக்ஸை முழங்கால் வரை இழுத்து விட்டுக்கொள்ளுங்கள்.

காயவைப்பது எப்படி?

லைன் வீட்டில் வெயிலும் இல்லை, இடமும் இல்லை. என்ன செய்வது? பிழிந்த துணியை ஒரு காய்ந்த துண்டில் வைத்துப் பாய் போலச் சுருட்டி, மேலே முழங்காலால் அழுத்துங்கள். மீதி ஈரத்தில் நிறையத் துண்டு இழுத்துக்கொள்ளும். பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, துணிக்குத் துணி இடைவெளி விட்டு, காற்று வரும் ஜன்னல் பக்கம் போடுங்கள். துணி காய்வதற்குச் சூட்டை விடக் காற்றோட்டம் முக்கியம். ஆட்டுக் கம்பளியைத் தொங்கவிடாமல் பரப்பிப் போடுங்கள். தொங்கினால் இழுத்துக்கொண்டு உருவம் மாறிவிடும்.

மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் துணி காயவைப்பதும், குளிர் காய்வதும், அதோடு தூங்குவதும் கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

பேசக் கூச்சப்படும் ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறோம். உள்ளாடையும், மாதவிடாய்க்குப் பயன்படுத்தும் துணியும் மழைக்காலத்தில் சரியாகக் காய்வதில்லை. மற்ற துணிக்கு அடியில் மறைத்துப் போட்டால் காயவே காயாது. ஈரத்தோடு போட்டால் அரிப்பும் புண்ணும் வரும். மழை மாதங்களுக்கு இரண்டு மூன்று செட் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றுப்படுகிற இடத்தில் தைரியமாகக் காயப்போடுங்கள். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. அரிப்பு இருந்தால் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள்.

நெருப்பில் கவனம்

பாலியெஸ்டர், ஃபிளீஸ், அக்ரிலிக், நைலான் எல்லாம் நெருப்பில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்திப் புண்ணை விட இது ஆழமாகப் போகும். அதனால் வேலை முடிந்து வந்ததும் இந்தத் துணிகளைக் கழற்றிவிட்டு, காய்ந்த பருத்தித் துணிக்கு மாறிய பிறகே அடுப்பு பக்கம் போங்கள். வீட்டுக்குள் பருத்தி, வெளியே பாலியெஸ்டர். இதை ஒரு பழக்கமாக வையுங்கள்.

ஒருவேளை தீ பட்டுவிட்டால், ஓடாமல் தரையில் படுத்து உருளச் சொல்லுங்கள். புண்ணின் மேல் சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். மை, பற்பசை எதுவும் தடவ வேண்டாம். 108-க்குக் கூப்பிடுங்கள்.

குளிர் ஆபத்தாகும்போது

நம் உடம்பின் சூடு சுமார் 37 டிகிரி செல்சியஸ். அது 35-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. இதற்குப் பனி உறைய வேண்டும் என்பதில்லை. நனைந்த துணியும் காற்றும் சேர்ந்தால் 10 டிகிரியிலும் நடக்கும். கூட வேலை செய்கிறவரைக் கவனியுங்கள்:

- நிற்காத நடுக்கம்
- நாக்குக் குழறுதல், தடுமாறி நடப்பது
- கொழுந்தையோ பட்டனையோ விரலால் பிடிக்க முடியாமல் போவது
- "ஒன்னுமில்ல, விடு" என்று சொல்லிக்கொண்டே சம்பந்தமில்லாமல் பேசுவது
- நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடாகாமலேயே நடுக்கம் நின்று, தூக்கக் கலக்கமாவது. இதுதான் மிகவும் மோசம்.

உடனே மழையும் காற்றும் படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத்துணியைக் கழற்றி, துடைத்து, காய்ந்த துணியும் கம்பளியும் சுற்றுங்கள். தலையையும் மூடுங்கள். நினைவோடு இருந்து, விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான டீ கொடுக்கலாம். கை காலைத் தேய்க்க வேண்டாம். நெருப்புக்கு நேரே உட்கார வைக்க வேண்டாம். சாராயம், பிராந்தி கொடுத்தால் சூடு ஏறும் என்பது தவறு. அது தோலுக்கு ரத்தத்தை இழுத்து, உடம்பின் உள்சூட்டை இன்னும் குறைக்கும். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ 108-ஐ அழையுங்கள்.

கைக்குழந்தைகளும் வயதானவர்களும் நடுங்காமலேயே குளிர்ந்துபோவார்கள். குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரத்துணியை மாற்றி, தாயின் மார்போடு தோல் ஒட்ட அணைத்து, மேலே போர்த்துங்கள். அப்படியும் சூடேறாவிட்டாலோ, பால் குடிக்காமல் சோர்ந்திருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

காசு கம்மி, எதை முதலில் வாங்குவது?

எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் வாங்க முடியாது. வரிசை இப்படி இருக்கட்டும்:

முதலில் உடம்போடு ஒட்டும் பாலியெஸ்டர் முழுக்கையும் சாக்ஸும். விலை குறைவு, பலன் அதிகம்.
அடுத்து தையல் ஒழுகாத மழைக்கோட்டு.
அதன் பிறகு ஃபிளீஸ். அதுவரை வீட்டில் உள்ள ஸ்வெட்டரே போதும்.

நம்மில் பலர் முதலில் வாங்குவது கனத்த ஸ்வெட்டரை. உள்ளே நனைந்த பருத்தி இருந்தால் அந்தக் காசு வீண்தான்.

தனித்தனியாக வாங்குவதை விடக் குழுவாகச் சேர்ந்து வாங்கினால் பேரம் பேசலாம். ஒரு எடுத்துக்காட்டு: ஒருவருக்கு 600 ரூபாய் ஆகிறது, 12 பேர் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 7,200 ரூபாய். குழுவின் உள்கடனில் எடுத்து, மாதம் 100 ரூபாய் அசலாக 6 மாதத்தில் கட்டலாம். குறையும் அசலுக்கு நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்றால், ஒருவர் கட்டும் மொத்த வட்டி 21 ரூபாய்தான். அந்த வட்டியும் நம் குழுவுக்கே வருகிறது. காய்ச்சலும் இழுப்பும் வந்து நாலு நாள் கூலி போவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மழை தொடங்கும் முன்பே வாங்குங்கள். முதலில் ஒன்றை மட்டும் வாங்கி, ஒருவர் போட்டு வேலை செய்து பார்த்த பிறகு மற்றவர்களுக்கு எடுப்பது நல்லது.

உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: ஈரத்துணி உடம்பிலேயே காய்ந்துவிட்டால் என்ன? தினமும் அப்படித்தானே செய்கிறோம்?
பதில்: அது காய்வது நம் உடம்புச் சூட்டில். அந்தச் சூட்டுக்காக நாம் சாப்பிட்ட சாப்பாடு செலவாகிறது. அதனால்தான் சாயங்காலம் அவ்வளவு அசதி. இழுப்பு உள்ளவர்களுக்குக் குளிரில் தொல்லை அதிகமாகும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை துணி மாற்றுவது. மற்றதெல்லாம் பிறகு.

கேள்வி: பழைய துணிக் கடையில் வாங்கலாமா?
பதில்: தாராளமாக. நன்றாகத் துவைத்து, காயவைத்துப் போடுங்கள். ஜிப், தையல், பஞ்சு மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பிள்ளைகளின் பள்ளிச் சீருடை பருத்தியாக இருந்தால்?
பதில்: உள்ளே ஒரு பாலியெஸ்டர் பனியன் போட்டு அனுப்புங்கள். பையில் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ் பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்

ஊக்குநரும் பிரதிநிதிகளும் அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரே அளவில் மூன்று துணித்துண்டுகள் கொண்டுவாருங்கள். ஒன்று பருத்தி, ஒன்று பாலியெஸ்டர், ஒன்று கம்பளி. கூட்டம் ஆரம்பிக்கும்போது மூன்றையும் தண்ணீரில் முக்கி, ஒரே மாதிரி பிழிந்து, கொடியில் போடுங்கள். சேமிப்பு, கடன் வேலை முடிந்ததும் ஒவ்வொரு உறுப்பினரும் தொட்டுப் பார்க்கட்டும். அதன் பிறகு மழைக்காலத் துணிக்கு யார் யாருக்கு என்ன தேவை என்று பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மொத்தமாக வாங்க விரும்பும் குழுக்கள் அளவையும் எண்ணிக்கையையும் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எழுதிக் கொண்டுவந்தால், பல குழுக்கள் சேர்ந்தே விலை பேசலாம்.